வேகம் ஏற ஏற மூச்சு வாங்கும் மோட்டார்: நிலைக்காந்த மோட்டாரின் உயர்வேகத் திறனைக் கூட்ட முழுமையான வழிகாட்டி

சோழிங்கநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்ததும் முதலில் பாய்வது மின்சார வண்டிதான். பக்கத்து பெட்ரோல் வண்டி கியர் போட்டு எழும்புவதற்குள் அது இருபதடி தாண்டியிருக்கும். நாவலூர் தாண்டி சாலை காலியானதும் கதை மாறும். எவ்வளவு முறுக்கினாலும் ஒரு வேகத்துக்கு மேல் வண்டி ஏறாது. அம்பத்தூரில் மோட்டார் கன்ட்ரோலர் வேலையில் இருக்கும் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சார், பிக்கப் சூப்பர். டாப் எண்டுதான் இல்ல."

பெரிய காந்தம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். பல மோட்டார்களில் பெரிய காந்தம்தான் இந்தக் குறைக்கே காரணம். உயர்வேகத்தில் நமக்கு வேண்டியது அதிகக் காந்தப் புலம் இல்லை, வேண்டும்போது குறைத்துக்கொள்ளக்கூடிய காந்தப் புலம். அதை அளந்து, கணக்குப் போட்டு, கன்ட்ரோலரில் கொண்டுவந்து, பாதுகாப்பாகச் சோதிப்பது வரை வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். முக்கியமாக ஐந்தாவது படியை முடிக்காமல் ஆறாவதுக்குப் போகாதீர்கள்.

முதலில், வேகம் ஏன் முட்டி நிற்கிறது?

வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரமாக ஆக, தண்ணீர் திருப்பித் தள்ளும் அழுத்தம் கூடும். ஓர் உயரத்தில் பம்பின் அழுத்தமும் அதுவும் சமமாகிவிடும். அதற்கு மேல் சொட்டுத் தண்ணீர் ஏறாது. மோட்டாரிலும் இதுதான் நடக்கிறது. காந்தத்தோடு ரோட்டார் சுற்றும்போது வைண்டிங்கில் எதிர் மின்னழுத்தம் பிறக்கிறது. இதைத்தான் பேக் ஈஎம்எஃப் என்கிறோம். வேகம் இரட்டிப்பானால் இதுவும் இரட்டிப்பாகும். பேட்டரியின் டிசியை மோட்டாருக்கு ஏசியாக்கும் இன்வெர்ட்டர் தரக்கூடிய வோல்டேஜை அது எட்டியதும் கரண்ட்டை உள்ளே தள்ள வழியில்லை, கரண்ட் இல்லாமல் டார்க்கும் (சுழற்றும் முறுக்கு) இல்லை.

கடைசி வரை கூட வர ஒரு மாதிரி மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 350 வோல்ட் பேட்டரி, 4 துருவ இணைகள் (ரோட்டாரில் நான்கு வடக்கு-தெற்கு ஜோடிகள்), காந்தத்தின் ஃப்ளக்ஸ் (வைண்டிங்கோடு பிணையும் காந்தப் பாயம்) 0.07 வெபர், டி அச்சு இண்டக்டன்ஸ் (ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு ஃப்ளக்ஸ் பிறக்கும் என்ற அளவு) 0.2 மில்லிஹென்ரி, க்யூ அச்சு இண்டக்டன்ஸ் 0.5 மில்லிஹென்ரி, இன்வெர்ட்டர் தரும் உச்ச கரண்ட் 400 ஆம்பியர். ஒரு நடுத்தரக் காருக்குப் பொருத்தமான அளவு இது. முதல் தலைமுறை நிஸான் லீஃப் காரின் மோட்டார் 280 நியூட்டன் மீட்டர், 80 கிலோவாட். நம் மோட்டாரும் அதற்குப் பக்கத்தில்தான் வரும்.

டி அச்சு என்பது காந்தம் பார்க்கும் திசை, க்யூ அச்சு அதற்கு மின்கோணத்தில் (ரோட்டார் கோணம் பெருக்கல் துருவ இணைகள்) 90 டிகிரி தள்ளியது. க்யூ கரண்ட் டார்க் தரும். டி கரண்ட்டை எதிர்மறையாகக் கொடுத்தால் காந்தத்தின் ஃப்ளக்ஸைக் குறைக்கும். கீழே டி கரண்ட் என்று நான் சொல்வதெல்லாம் இந்த எதிர்மறைக் கரண்ட்தான், எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: மோட்டாரை அளந்து தெரிந்துகொள்ளுங்கள்

விற்பவர் கொடுத்த தாளை நம்பி இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். நான்கு எண்களை உங்கள் கையாலேயே அளந்துவிடுங்கள்.

முதல் எண் காந்த ஃப்ளக்ஸ். மோட்டாரின் மூன்று வயர்களையும் எதிலும் சேர்க்காமல், இன்னொரு மோட்டாரையோ லேத்தையோ வைத்துச் சுற்றுங்கள். இரண்டு வயர்களுக்கு இடையே டிஃபரென்ஷியல் புரோப் வைத்து ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். 1000 ஆர்பிஎம் போதும். கிடைக்கும் உச்ச வோல்டேஜை 1.732-ஆல் வகுத்து, பிறகு மின்கோண வேகத்தால் வகுத்தால் ஃப்ளக்ஸ் வந்துவிடும். நம் மோட்டாரில் 1000 ஆர்பிஎம்மில் இரண்டு வயர்களுக்கு இடையே சுமார் 51 வோல்ட் உச்சம் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் காந்தத்தின் வெப்பநிலை என்ன என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசிப் படியில் இது தேவைப்படும்.

இரண்டாவதும் மூன்றாவதும் இரண்டு அச்சுகளின் இண்டக்டன்ஸ். இண்டக்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரை இரண்டு வயர்களில் மாட்டிவிட்டு ரோட்டாரைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். எண் ஏறி இறங்கும். காந்தம் உள்ளே புதைந்த மோட்டாரில் குறைந்த எண்ணில் பாதி டி அச்சு, கூடிய எண்ணில் பாதி க்யூ அச்சு. ஆனால் இது சின்ன கரண்ட்டில் எடுத்த அளவு. முழு கரண்ட் ஓடும்போது இரும்பு காந்தப் புலத்தால் நிறைந்துபோய் க்யூ அச்சு இண்டக்டன்ஸ் நன்றாகவே இறங்கும். அதனால் டைனோ (மோட்டாருக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பெஞ்ச்) கையில் இருந்தால் 50 ஆம்பியர், 100 ஆம்பியர் என்று படிப்படியாக ஏற்றி அளந்து ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். இந்த அட்டவணைக்கு இரண்டு நாள் செலவழித்தால் பின்னால் இரண்டு வாரம் மிச்சமாகும்.

நான்காவது ரோட்டார் கோணத்தின் ஆஃப்செட். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு ஃபேஸில் டிசி கரண்ட் விட்டு ரோட்டாரை இழுத்து நிறுத்தி, "இதுதான் பூஜ்யம்" என்று குறித்துக்கொள்வார்கள். பேரிங்கின் உராய்வே ஒன்றிரண்டு டிகிரியைத் தின்றுவிடும். இதைவிடச் சுத்தமான வழி ஒன்று இருக்கிறது. வெளி மோட்டாரால் சுற்றவிட்டு, உங்கள் கன்ட்ரோலரில் இரண்டு கரண்ட்டையும் பூஜ்யத்தில் பிடித்துவையுங்கள். அப்போது டி வோல்டேஜ் பூஜ்யமாகவும், க்யூ வோல்டேஜ் முழு பேக் ஈஎம்எஃப் ஆகவும் இருக்க வேண்டும். டி வோல்டேஜ் ஏதாவது காட்டினால் கோணம் தப்பு. அந்தத் தப்பு எல்லா வேகத்திலும் ஒரே அளவு இருந்தால் ஆஃப்செட் பிழை. வேகத்தோடு சேர்ந்து வளர்ந்தால் அது தாமதப் பிழை, அதற்கான மருந்து நான்காவது படியில் வருகிறது.

ஆஃப்செட் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. உயர்வேகத்தில் நம் மோட்டாரில் டி கரண்ட் 350 ஆம்பியரும் க்யூ கரண்ட் 80 ஆம்பியரும் ஓடும். ரோட்டார் கோணத்தை அளக்கும் ரிசால்வர் வெறும் 1 டிகிரி தப்பாக மாட்டியிருந்தால் 4 துருவ இணைக்கு அது மின்கோணத்தில் 4 டிகிரி. அந்த 4 டிகிரி, 350 ஆம்பியரில் இருந்து 24 ஆம்பியரைக் கொண்டுபோய் க்யூ அச்சில் சேர்க்கும், அல்லது எடுக்கும். 80-ல் 24 என்றால் டார்க்கில் 30 சதவீதப் பிழை. இதே 1 டிகிரி தப்பு சிக்னலில் கிளம்பும்போது யாருக்கும் தெரியவே தெரியாது.

படி 2: எல்லைகளைக் கணக்கில் பாருங்கள்

ஸ்பேஸ் வெக்டர் முறையில் (ஸ்விட்ச்சுகளை இயக்கும் ஒரு முறை) இன்வெர்ட்டர் ஒரு ஃபேஸுக்குத் தரக்கூடிய உச்சம், பேட்டரி வோல்டேஜை 1.732-ஆல் வகுத்தது. 350-க்கு 202 வோல்ட். ரெசிஸ்டன்ஸ் இழப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஃபீல்ட் வீக்கனிங், அதாவது டி கரண்ட்டால் காந்தப் புலத்தைக் குறைப்பது, செய்யாவிட்டால், சுமையே இல்லாமல் இந்த மோட்டார் எட்டும் வேகம் சுமார் 6,890 ஆர்பிஎம். அதற்கு மேல் பேக் ஈஎம்எஃப் 202 வோல்ட்டைத் தாண்டிவிடும்.

முழு கரண்ட்டில் டார்க் அதிகம் கிடைக்கும் சேர்க்கை டி 230, க்யூ 327 ஆம்பியர். டார்க் 273 நியூட்டன் மீட்டர். வோல்டேஜ் தீர்ந்துபோகும் வேகம் சுமார் 2,920 ஆர்பிஎம், பவர் 83 கிலோவாட். இதுதான் அடிப்படை வேகம். சிக்னலில் பாய வைப்பது இந்த 273.

இப்போது 12,000 ஆர்பிஎம் வேண்டும் என்று வையுங்கள். அந்த வேகத்தில் வோல்டேஜ் எல்லைக்குள் அடங்கும் மொத்த ஃப்ளக்ஸ் 0.0402 வெபர் மட்டுமே. காந்தமோ தனியாக 0.07 தருகிறது. டி கரண்ட் 350 ஆம்பியர் கொடுத்தால் 0.2 மில்லிஹென்ரியில் சரியாக 0.07 எதிர்ப்பக்கம் பிறந்து, காந்தத்தின் ஃப்ளக்ஸ் முழுக்க அடங்கிவிடும். மிச்சமிருக்கும் 0.0402-ஐ முழுசாக க்யூ பக்கம் செலவழித்தால் 80 ஆம்பியர். டார்க் 84 நியூட்டன் மீட்டர், பவர் 106 கிலோவாட். 6,890-ல் செத்துப்போக வேண்டிய மோட்டார் 12,000-ல் அடிப்படை வேகத்தைவிட அதிக பவர் தருகிறது. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு உண்மையிலேயே நம்ப முடியவில்லை. மூன்று முறை திருப்பிப் போட்டேன்.

அந்த 350 ஆம்பியரைக் கவனியுங்கள். காந்த ஃப்ளக்ஸை டி அச்சு இண்டக்டன்ஸால் வகுத்தால் வரும் எண் அது. ஒரு மோட்டார் உயர்வேகத்துக்கு ஏற்றதா என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்வெர்ட்டரின் உச்ச கரண்ட் இந்த எண்ணுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருந்தால் வேகத்தை நீட்டிக்கொண்டே போகலாம். இந்த எண் 900 ஆம்பியர், உங்கள் இன்வெர்ட்டரோ 400 ஆம்பியர் என்றால் மென்பொருளில் என்ன வித்தை காட்டினாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும். ரோட்டாரின் மேற்பரப்பில் காந்தம் ஒட்டிய மோட்டார்களில் பெரும்பாலும் இந்த நிலைமைதான். ஸ்கூட்டர் சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாரும் இந்த வகை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 12,000-ல் டி கரண்ட்டை 390 வரை தள்ளினால் டார்க் 88 ஆகும். 4 நியூட்டன் மீட்டர் லாபம், ஆனால் செம்பில் வெப்பம் 23 சதவீதம் கூடுகிறது. ஒரு லாரியை முந்த பத்து விநாடிக்கு இது சரி. தொடர்ந்து ஓட்ட நான் 350-லேயே நிறுத்திக்கொள்வேன்.

படி 3: வோல்டேஜை வீணாக்காதீர்கள்

இன்னும் சில கன்ட்ரோலர்களில் பழைய சைன் முறை பிடபிள்யூஎம் (ஸ்விட்ச்சுகளை வேகமாகத் திறந்து மூடி வோல்டேஜை உருவாக்குவது) ஓடுகிறது. அதில் உச்சம் பேட்டரி வோல்டேஜில் பாதி, அதாவது 175. ஸ்பேஸ் வெக்டருக்கோ மூன்றாம் ஹார்மானிக் சேர்க்கும் முறைக்கோ மாறினாலே 202. வன்பொருளில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் 15 சதவீதம். அதற்கும் மேலே ஓவர்மாடுலேஷன் (சைன் வடிவத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வோல்டேஜைக் கூட்டுவது) வழியாக ஆறு படி முறை வரை போனால் 223 வோல்ட், இன்னொரு 10 சதவீதம். ஆறு படியில் கரண்ட் அலை கெட்டுப்போகும், சத்தமும் இரும்பு இழப்பும் கூடும். நான் பாதி வழியில் நிறுத்துவேன்: 5 சதவீதம் ஓவர்மாடுலேஷன், அதுவும் முழு த்ராட்டிலில் மட்டும்.

வோல்டேஜ் எல்லையை 350 என்று மென்பொருளில் எழுதி வைத்துவிடாதீர்கள். பேட்டரி இறங்கி 300-க்கு வந்தால் 12,000-ல் டார்க் 84-ல் இருந்து 72 ஆகிறது. அந்த நேரத்தில் கன்ட்ரோலர் இன்னும் 350 இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தால் கரண்ட் கட்டுப்பாடே கைநழுவும். பஸ் வோல்டேஜை (இன்வெர்ட்டருக்குள் வரும் டிசி வோல்டேஜ்) ஒவ்வொரு ஸ்விட்சிங் சுழற்சியிலும் அளந்து, அதிலிருந்து எல்லையைக் கணக்கிடுங்கள். கரண்ட் கட்டுப்பாடு மூச்சு விட 5 சதவீதம் ஒதுக்கி வையுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 60 வோல்ட் ஸ்கூட்டருக்கு 72 வோல்ட் பேட்டரி மாட்டி வேகம் ஏற்றுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும். ஆனால் சார்ஜ் ஏறிய 72 வோல்ட் பேக் 84 வோல்ட் வரை போகும் என்பதை மறந்து, உள்ளே இருக்கும் கெபாசிட்டரையும் மாஸ்ஃபெட்டையும் பார்க்காமல் மாட்டினால் மழைக்காலம் வரைகூடத் தாங்காது. பதிவு தேவைப்படாத, மணிக்கு 25 கிலோமீட்டர் வேக வண்டியை இப்படி மாற்றினால் சட்டப்படியும் அது வேறு வண்டி.

படி 4: கன்ட்ரோலரில் ஃபீல்ட் வீக்கனிங்

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று அட்டவணை: எவ்வளவு டார்க் வேண்டும், வோல்டேஜை வேகத்தால் வகுத்தால் எவ்வளவு ஃப்ளக்ஸுக்கு இடம் இருக்கிறது என்ற இரண்டையும் கொடுத்தால் டி, க்யூ கரண்ட் இரண்டும் வெளியே வரும். இன்னொன்று பின்னூட்டம்: இன்வெர்ட்டர் கேட்கும் வோல்டேஜ் எல்லையைத் தொட்டால் டி கரண்ட்டைக் கொஞ்சம் கூட்டு, இறங்கினால் குறை. அட்டவணை வேகமானது, ஆனால் மோட்டார் சூடாகும்போது பொய் சொல்லும். பின்னூட்டம் உண்மையைப் பின்தொடரும், ஆனால் மெதுவானது. இரண்டையும் சேர்த்து வையுங்கள். பெரிய வேலை அட்டவணைக்கு, கடைசி 10 சதவீதத் திருத்தம் பின்னூட்டத்துக்கு.

சேர்க்கும்போது ஒரு விதியை விடாதீர்கள்: டி-க்கு முதலில், மீதி க்யூ-வுக்கு. கரண்ட் எல்லையைத் தொடும்போது இரண்டையும் ஒரே விகிதத்தில் வெட்டினால் ஃப்ளக்ஸைக் குறைக்கும் டி கரண்ட்டும் வெட்டுப்படும். வோல்டேஜ் இன்னும் இறுகும், கட்டுப்பாடு இன்னும் தடுமாறும். உயர்வேகத்தில் வண்டி உதறுகிறது என்று வருகிற மென்பொருளைத் திறந்தால் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுவே. பிஐ கட்டுப்பாட்டில் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் இண்டக்ரேட்டர், எல்லையில் ஊதிப்போகாமல் தடுக்கும் வரியும் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தாமதம். 12,000 ஆர்பிஎம், 4 துருவ இணை என்றால் மின் அதிர்வெண் 800 ஹெர்ட்ஸ். 10 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங்கில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை மாதிரிகள்தான் கிடைக்கும். கரண்ட்டை அளந்து, கணக்குப் போட்டு, வோல்டேஜ் வெளியே போவதற்குள் ஒன்றரை ஸ்விட்சிங் சுழற்சி, அதாவது 150 மைக்ரோ விநாடி ஓடிவிடும். அந்த நேரத்தில் ரோட்டார் மின்கோணத்தில் 43 டிகிரி நகர்ந்திருக்கும். நீங்கள் குறிவைத்த இடத்தில் அது இல்லை. அதனால் வோல்டேஜைத் திருப்பி அனுப்பும்போது கோணத்தோடு வேகம் பெருக்கல் ஒன்றரைச் சுழற்சி நேரத்தைக் கூட்டி அனுப்புங்கள். ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரி இல்லாமல் 8,000-ஐத் தாண்ட முடியாமல் நின்ற மோட்டாரை நான் பார்த்திருக்கிறேன். மின் அதிர்வெண்ணைப்போல் ஸ்விட்சிங் குறைந்தது பத்து மடங்காவது இருக்கட்டும்.

இரண்டு அச்சுகளும் ஒன்றை ஒன்று இழுப்பதைச் சமன் செய்யும் டீகப்ளிங் பகுதியும் கட்டாயம். அதில் போடும் இண்டக்டன்ஸ் முதல் படியில் நீங்கள் எடுத்த அட்டவணையில் இருந்து வரட்டும்.

படி 5: உயர்வேகத்தில் இன்வெர்ட்டர் நின்றுபோனால்?

இதைப் பொறுமையாகப் படியுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு சோதனை பெஞ்சில் நான் நின்றுகொண்டிருந்தேன். மோட்டார் நல்ல வேகத்தில் இருந்தது. பேட்டரிப் பக்கத்துக் கான்டாக்டர் (பேட்டரியை இணைக்கும் பெரிய ஸ்விட்ச்) ஒரு தளர்ந்த கனெக்டரால் திறந்துகொண்டது. கண் இமைக்கும் நேரத்தில் பஸ் கெபாசிட்டர் வெடித்தது. மூடி போட்ட பெட்டி என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நான் யாருக்கு இந்த வேலை சொல்லிக்கொடுத்தாலும் இந்தப் படியை முடிக்காமல் வேகத்தைக் கூட்ட விடுவதில்லை.

நம் மோட்டாரில் 12,000 ஆர்பிஎம்மில் இரண்டு வயர்களுக்கு இடையே பிறக்கும் பேக் ஈஎம்எஃப் உச்சம் 609 வோல்ட். டி கரண்ட் ஓடும் வரை அதை அடக்கி வைத்திருக்கிறோம். ஏதோ ஒரு பிழையால் இன்வெர்ட்டர் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டால் அடக்குபவர் யாரும் இல்லை. ஸ்விட்ச்சுகளுக்குள் இருக்கும் டையோடுகள் ரெக்டிஃபையராக மாறி, மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். பேட்டரி இணைந்திருந்தால் கட்டுப்பாடில்லாமல் அதற்குள் கரண்ட் பாயும், ஓட்டுநர் தொடாமலே வண்டி பிரேக் பிடிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈரத்தில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கான்டாக்டரும் திறந்திருந்தால் பஸ் வோல்டேஜ் 609-ஐ நோக்கி ஏறும். 450 வோல்ட் கெபாசிட்டர் அதைத் தாங்காது. 650 வோல்ட் ஸ்விட்ச்சுகளும் விளிம்பில் நிற்கும்.

இதற்கான வழி: உயர்வேகத்தில் பிழை வந்தால் எல்லாவற்றையும் அணைக்காமல், கீழ் மூன்று ஸ்விட்ச்சையும் அல்லது மேல் மூன்றையும் ஒன்றாக மூடி மோட்டாரைக் குறுக்கிணைப்பு (ஷார்ட்) செய்வது. அப்போது ஓடும் நிலைத்த கரண்ட் ஏறக்குறைய அதே 350 ஆம்பியர். இன்வெர்ட்டர் 400 தாங்கும் என்பதால் பிழைத்துக்கொள்வோம். இரண்டாம் படியில் அந்த எண்ணைக் கவனிக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். மூடிய அந்த நொடியில் கரண்ட் இதைவிட நன்றாகவே மேலே குதிக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். காந்தம் சூடாக இருக்கும்போது அந்தக் குதிப்பில்தான் அது நிரந்தரமாகப் பலமிழக்கும்.

குறுக்கிணைப்பில் உயர்வேகத்தில் பிரேக் டார்க் குறைவு. வேகம் மிகவும் இறங்கும்போதுதான் அது பெரிதாகும். அதனால் பேக் ஈஎம்எஃப் பஸ் வோல்டேஜுக்குப் பாதுகாப்பாகக் கீழே வந்ததும் எல்லா ஸ்விட்ச்சையும் திறந்துவிடுங்கள். 12 வோல்ட் போய்விட்டாலும் இந்த வேலை நடக்க வேண்டும் என்பதால், கேட் டிரைவருக்கு உயர்வோல்டேஜ் பஸ்ஸில் இருந்தே ஒரு மாற்றுச் சப்ளை வையுங்கள். முதலில் 3,000 ஆர்பிஎம்மில் வேண்டுமென்றே பிழையைக் கிளப்பி, அலையைப் பதிவுசெய்து பாருங்கள். பிறகு 5,000. பிறகுதான் மேலே.

படி 6: வெப்பம், அதுவும் சென்னை வெப்பம்

நியோடிமியம் காந்தத்தின் ஃப்ளக்ஸ் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.11 சதவீதம் இறங்கும். 40 டிகிரியில் இருந்து 140-க்குப் போனால் 11 சதவீதம். வேகத்தின் பார்வையில் இது நல்லதுபோல் தெரியும், பேக் ஈஎம்எஃப் குறைகிறதே. ஆனால் எதிர்ப்புலத்தைத் தாங்கும் பலம் ஒரு டிகிரிக்கு அரை சதவீதத்துக்கும் மேல் இறங்குகிறது. நாமோ சரியாக அந்த நேரத்தில் 350 ஆம்பியர் எதிர்ப்புலம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். செம்பின் ரெசிஸ்டன்ஸ் அதே 100 டிகிரியில் சுமார் 36 சதவீதம் கூடும்.

கத்திரி வெயிலில் கத்திப்பாரா மேம்பாலத்தின் கீழ் நகராமல் நின்ற வண்டி, அடுத்த பத்து நிமிடத்தில் மதுரவாயல் பைபாஸில் முழு வேகம் எடுக்கும். குளிர்நீர் ஏற்கெனவே சூடு. அதனால் 25 டிகிரி அறையில் எடுத்த சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். குளிர்நீர் உள்ளே நுழையும்போதே 65 டிகிரி இருக்கும்படி வைத்துச் சோதியுங்கள்.

காந்தத்தில் நேரடியாக சென்சர் வைப்பது கடினம். ஆனால் லேசான சுமையில் க்யூ வோல்டேஜைப் பார்த்தால் ஃப்ளக்ஸ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். அதிலிருந்து காந்தத்தின் வெப்பநிலையைக் கணிக்கலாம். அந்தக் கணிப்பைக் கொண்டு டி கரண்ட்டுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

உயர்வேகத்தில் வெப்பம் செம்பில் மட்டும் பிறப்பதில்லை. இரும்புத் தகடுகளை அடுக்கிய லேமினேஷனில் சுழல் மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தோடும் தகட்டுத் தடிமனின் வர்க்கத்தோடும் கூடும். 0.35 மில்லிமீட்டர் தகட்டை 0.2 ஆக்கினால் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகிறது. விலை கூடும், ஆனால் 800 ஹெர்ட்ஸில் ஓடும் மோட்டாருக்கு நான் தயங்காமல் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான். காந்தத்துக்குள்ளும் சுழல் மின்னோட்டம் ஓடும். ஒரே நீளக் கட்டியாக வைக்காமல் துண்டு துண்டாக வெட்டி, நடுவே காப்புப் பூச்சு கொடுத்து அடுக்கினால் அது அடங்கும். தடித்த ஹேர்பின் கம்பிகளில், ஸ்லாட் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கம்பிதான் முதலில் சூடேறும். தெர்மிஸ்டரை அங்கே வைக்காமல் வெளிச்சுற்றில் வைத்துவிட்டு "சூடே இல்லையே" என்று சொன்னால் பயனில்லை.

கடற்கரை ஊர் என்பதால் ரிசால்வர் கனெக்டர்களுக்கு நல்ல சீல் போடுங்கள். உப்புக் காற்றில் ஒரு பின் பச்சை பிடித்தாலே கோணம் தடுமாறும்.

படி 7: மோட்டாரையே மாற்ற முடிந்தால்

புதிதாக வடிவமைக்கிறீர்கள் என்றால் அந்த 350 போன்ற எண்ணை இன்வெர்ட்டர் கரண்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதே குறி. காந்தத்தைக் குறைத்து, அதை ரோட்டாருக்குள் வி வடிவில் புதைத்து, இரண்டு அச்சுகளின் இண்டக்டன்ஸ் வித்தியாசத்தைக் கூட்டுங்கள். நம் மாதிரி மோட்டாரின் 273 நியூட்டன் மீட்டரில் கிட்டத்தட்ட பாதி இந்த வித்தியாசத்தால் வருவது, காந்தத்தால் அல்ல. 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்று அறிவித்தபோது நம் ஊர் வாகனத் தொழிலும் தவித்தது. காந்தம் குறைவான மோட்டார் அந்தக் கோணத்திலும் நிம்மதி.

வைண்டிங்கில் சுற்றுகளைப் பாதியாக்கினால் பேக் ஈஎம்எஃப் பாதியாகும், வேகம் ஏறும். ஆனால் அதே டார்க்குக்கு இரட்டிப்பு கரண்ட் வேண்டும். இன்வெர்ட்டர் அதற்குத் தயாரா என்று பார்த்துவிட்டு ரீவைண்டிங் கொடுங்கள்.

ரோட்டாரின் உறுதி பற்றி ஒரு வார்த்தை. மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 140 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோட்டார் 12,000-ல் சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு 88 மீட்டர் ஓடுகிறது. காந்தத்தைப் பிடித்து நிற்பது மெல்லிய இரும்புப் பாலங்கள். அவற்றைத் தடிமனாக்கினால் உறுதி கூடும், ஆனால் ஃப்ளக்ஸ் அந்த வழியே கசியும். 20 சதவீதம் அதிக வேகத்தில், அதாவது 1.44 மடங்கு அழுத்தத்தில், மூடிய குழிக்குள் சுற்றிப் பார்க்காத ரோட்டாரை வண்டியில் ஏற்ற வேண்டாம். ரோட்டாரின் சுழற்சிச் சமநிலை (பேலன்சிங்) ஜி 2.5 தரத்துக்காவது இருக்கட்டும். பேரிங்கில் மின்னோட்டம் பாய்ந்து அரிப்பதைத் தடுக்க ஷாஃப்ட்டுக்கு ஒரு கிரவுண்டிங் பிரஷ் வையுங்கள்.

உலகம் போகும் திசையும் இதுதான். டொயோட்டா பிரியஸின் மோட்டார் 2004-ல் 6,000 ஆர்பிஎம், 2010-ல் 13,500 ஆர்பிஎம். வேகத்தைக் கூட்டியதால் கியர் வைத்துச் சின்ன மோட்டாரிலேயே அதே வேலையை வாங்க முடிந்தது.

படி 8: சோதனை

சாலையில் சோதிக்காதீர்கள், டைனோவில் சோதியுங்கள். சொந்தமாக இல்லாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும். ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற இடங்கள் சென்னைக்குப் பக்கத்தில் இருப்பது நமக்கு வரம். முப்பது நிமிடத் தொடர் பவர், நிகர பவர் இரண்டையும் இந்திய வாகனத் தரமான ஏஐஎஸ் 041 முறைப்படிதான் கடைசியில் காட்ட வேண்டியிருக்கும். அதனால் தொடக்கத்திலிருந்தே அந்த முறையில் பதிவுசெய்து பழகுங்கள்.

டார்க் பூஜ்யத்தில் வைத்து 500 ஆர்பிஎம் ஏற்றம் ஏற்றமாக உச்சம் வரை போங்கள். ஒவ்வோர் இடத்திலும் டி கரண்ட் அட்டவணை சொன்ன மதிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கால் பங்கு டார்க், அரைப் பங்கு, முழுசு. இவ்வளவும் முடிந்ததும் கடினமானது: குளிர்நீர் 65 டிகிரி, பேட்டரி 300 வோல்ட், முழு த்ராட்டில், 12,000. கட்டுப்பாடு தடுமாறாமல் நின்றால் அந்த இடத்திலேயே ஒரு முறை வேண்டுமென்றே பிழையைக் கிளப்பிக் குறுக்கிணைப்பையும் பார்த்துவிடுங்கள்.

மோட்டாரை இரவு முழுக்க ஆறவிடுங்கள். காலையில் மூன்று வயர்களையும் கழற்றி 1000 ஆர்பிஎம்மில் சுற்றி, முதல் படியில் எழுதிவைத்த தாளை எடுங்கள். அதே வெப்பநிலையில் அதே 51 வோல்ட் வந்தால் காந்தம் நலமாக இருக்கிறது. 49 வந்தால் நேற்றைய சோதனையில் காந்தத்தின் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விட்டது. ஆறாவது படிக்குத் திரும்பி டி கரண்ட்டின் உச்சவரம்பை இறக்குங்கள். அந்த ரோட்டாரை வண்டியில் ஏற்றாதீர்கள்.